பிறந்து 23 நாள், மல்லாக்கப் போட்டால் மூச்சு அடைக்கிறது: தாடை எலும்பை நீட்டும் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா?

தேனி அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு முதல் குழந்தை, பெண். பிறக்கும்போது 2.7 கிலோ. இன்று 23-வது நாள், காலையில் எடை போட்டார்கள், 2.6. மோவாய் ரொம்ப உள்வாங்கி இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் கீழுதட்டுக்குக் கீழே நேராகக் கழுத்து வந்துவிட்டது போலத் தெரியும். உதடு நன்றாக இருக்கிறது, உள்ளே அண்ணத்தில் பிளவு. மல்லாக்கப் படுக்க வைத்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்கிறது. நெஞ்சு உள்ளே குழிகிறது, சேச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 75, 78 என்று இறங்குகிறது. குப்புறப் போட்டால் 93, 94. பால் மூக்கு டியூப் வழியாகத்தான்.

டாக்டர் 'பியர் ராபின் சீக்வென்ஸ்' என்கிறார். மூன்று வழி சொன்னார். இப்படியே குப்புறப் போட்டு வளரும்வரை பார்ப்பது, இல்லாவிட்டால் தொண்டையில் துளை போட்டு டியூப் வைப்பது, அதுவும் இல்லையென்றால் கீழ்த்தாடை எலும்பை இரண்டு பக்கமும் வெட்டி, கருவி பொருத்தி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி நீட்டுவது. மூன்றாவதைக் கேட்டதிலிருந்து என் மனைவி வாய் திறக்கவில்லை. அம்மா "பச்சைப் புள்ள எலும்ப வெட்டுறதா" என்று அழுதுகொண்டே இருக்கிறார்கள்.

யாராவது இதைச் செய்திருக்கிறீர்களா? வெட்டிய எலும்பு சேருமா? முகம் கோணிவிடாதா? வீட்டுக்கு வந்த பிறகு நாங்களேதான் திருக வேண்டுமாம், அது நம்மால் ஆகிற காரியமா? வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

இரவு டியூட்டி:

தம்பி, பச்சிளங்குழந்தைகள் ஐசியூவில் 14 வருடமாக நர்ஸ். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர்கள் சொல்லட்டும், நான் இன்றைக்கு ராத்திரிக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

குப்புறப் போடுவது சரிதான். ஆனால் மானிட்டர் இல்லாமல் போடாதீர்கள். மற்றக் குழந்தைகளை மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறவர்கள் நாங்கள். இந்தக் குழந்தைகளுக்கு அது தலைகீழ் என்பதால் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். பெரியவர்கள் விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரை வாங்கி வைத்துக்கொண்டு அதை நம்பாதீர்கள், பிஞ்சுக் காலில் அது சரியாகக் காட்டாது. பாதத்தில் சுற்றிக் கட்டும் புரோப் தனியாக உண்டு.

வீட்டில் பெரியவர்கள் பாலாடையிலோ சங்கிலோ ஒரு வாய் ஊற்றிப் பார்க்கலாம் என்பார்கள். டாக்டர் சொல்லும்வரை ஒரு சொட்டு வேண்டாம். மூச்சுக்கே போராடுகிற குழந்தைக்குப் புரையேறினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

இன்னொன்று, மூக்கு வழியாக மூச்சுக்கான குழாய் போட்டுப் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பால் டியூப் இல்லை, இது வேறு. ஒரு மூக்குத் துவாரம் வழியாக நாக்கின் அடிப்பக்கம் வரை ஒரு மென்மையான குழாய் வைப்பார்கள். நாக்கு பின்னால் விழுந்தாலும் அந்தக் குழாய் வழியாகக் காற்று போகும். சில குழந்தைகள் சில வாரம் அதிலேயே ஓட்டி, ஆபரேஷன் இல்லாமலே தேறிவிடுவார்கள். சளி அடைக்காமல் சக்ஷன் போட, அதாவது மெஷினால் சளியை உறிஞ்சி எடுக்க, கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நாளைக் காலை ரவுண்ட்ஸில் இதைக் கேளுங்கள்.

எடையைச் சும்மா விடாதீர்கள். இரண்டு வாரத்திலேயே பிறந்த எடைக்குத் திரும்பியிருக்க வேண்டும். கொடுக்கிற பாலெல்லாம் மூச்சு இழுக்கவே செலவாகிறது.

பாப்பா அம்மா:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இதே வியாழக்கிழமை எங்கள் வீட்டிலும் வந்தது. எங்களுக்கு அது திங்கட்கிழமை. என் மகளுக்கு இப்போது நாலரை வயது. 36-வது நாளில் இரண்டு பக்கத் தாடையும் வெட்டி நீட்டினார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சங்கரன்கோவில் பக்கம். பிறந்த இடத்தில் "தாடை சின்னதா இருக்கு, வளர வளரச் சரியாயிடும்" என்று சொல்லி நாலாம் நாள் அனுப்பிவிட்டார்கள். குப்புறப் போடச் சொல்லக்கூட ஆள் இல்லை. ராத்திரி முழுக்கக் கர்ர்... கர்ர்... என்று ஒரு சத்தம். சளி என்று நினைத்து அத்தை ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டிப் பக்கத்தில் வைத்தார்கள். 11-வது நாள் அத்தை மடியில் இருக்கும்போது உதடு நாவல்பழ நிறமாகிவிட்டது. அங்கிருந்து திருநெல்வேலி, திருநெல்வேலியிலிருந்து சென்னை. ஆம்புலன்ஸ் முழுக்க ஒரு நர்ஸ் தன் முன்கையில் அவளைக் கவிழ்த்துப் போட்டபடியே வந்தார். அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று இன்றைக்கும் வருத்தம்.

முதலில் உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள்: அவர் செய்த எதனாலும் இது வரவில்லை. என்னை "கிரகணத்தன்னிக்கு அரிவாமனையத் தொட்டியா" என்று கேட்காத ஆளே இல்லை. நானும் தொட்டேனோ என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன். சென்னையில் ஒரு டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கர்ப்பம் மூன்று மாதம்கூட முடியாத சமயத்தில் கீழ்த்தாடை வளராமல் பின்தங்கிவிடுகிறது. நாக்கு கீழே இறங்க இடமில்லாமல் மேலேயே நின்றுகொள்கிறது. இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர வேண்டிய அண்ணம், நாக்கு குறுக்கே நிற்பதால் சேர முடியாமல் போகிறது. தாடை, அப்புறம் நாக்கு, அப்புறம் அண்ணம், அப்புறம் மூச்சு என்று ஒன்றிலிருந்து ஒன்றாக வருவதால்தான் இதை சீக்வென்ஸ் என்கிறார்களாம். 1923-இல் இதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் பெயர்தான் பியர் ராபின். அந்தக் காகிதத்தை நான் இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். கிரகணம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு அதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

எலும்பு சேருமா என்று கேட்டீர்கள். எனக்கு இது புரிந்தது என் சித்தப்பாவின் காலால். பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, காலைச் சுற்றி இரும்பு வளையம் வளையமாகப் போட்டு ஒரு வருடம் நடந்தார். இலிசரோவ் என்று நம் ஊர் எலும்பு வார்டுகளில் எல்லோருக்கும் தெரியும். இலிசரோவ் சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில் இருந்த டாக்டர். வெட்டிய எலும்பின் இரண்டு முனையையும் மெதுவாக விலக்கிக்கொண்டே போனால் நடுவில் புது எலும்பு ஊறும் என்பது அவர் கண்டது. அதையே குழந்தைகளின் தாடைக்குச் செய்து நியூயார்க்கில் மெக்கார்த்தி என்ற டாக்டர் 1992-இல் எழுதினார். "உங்க சித்தப்பாவுக்குச் செஞ்ச அதே வேலைதான், கருவி மட்டும் தீப்பெட்டிக்குள்ள அடங்கும்" என்று டாக்டரம்மா சொன்னதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

தாடை நீண்டால் மூச்சு எப்படி வரும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நாக்கின் பெரிய தசை மோவாய் எலும்பின் உள்பக்கத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மோவாய் முன்னால் வந்தால் நாக்கையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். தொண்டையில் வழி திறக்கும்.

அதனால்தான் சம்மதிக்கும் முன்னால் ஒன்றைக் கேட்கச் சொல்கிறேன். அடைப்பு நாக்கில் மட்டும்தானா? மூக்கு வழியாகச் சின்னக் கேமரா விட்டுக் குரல்வளை, மூச்சுக்குழாய் வரை பார்க்க வேண்டும். தூக்கத்தில் மூச்சு எத்தனை முறை நிற்கிறது என்று ஒரு டெஸ்ட் உண்டு. பிறகு தாடைக்கு சி.டி. ஸ்கேன். கீழேயும் அடைப்பு இருந்தால் தாடையை மட்டும் நீட்டிப் பயனில்லை. எங்களுக்கு இந்த மூன்றும் முடிய ஒன்பது நாள் ஆனது. அதற்குள் மூக்குக் குழாயும் போட்டுப் பார்த்தார்கள். சேச்சுரேஷன் கொஞ்சம் ஏறியது, எடை ஏறவில்லை. எடை ஏறியிருந்தால் நான் ஆபரேஷனுக்குப் போயிருக்க மாட்டேன், காத்திருந்திருப்பேன். ஏறாததால்தான் சம்மதித்தேன்.

ஆபரேஷன் நான்கு மணி நேரத்துக்கு மேல். காதுக்குக் கீழே, தாடை ஓரமாக இரண்டு பக்கமும் வெட்டு. கருவி உள்ளே, அதைத் திருகுகிற கம்பி மட்டும் தோலுக்கு வெளியே, தீக்குச்சி நீளத்துக்கு. வாயில் மூச்சு டியூபோடு ஐசியூவில் இருந்தாள். முகம் வீங்கி, கண் திறக்காமல் கிடந்தாள். அந்த முதல் இரண்டு நாளுக்கு மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவை அப்போது உள்ளே கூட்டிப் போக வேண்டாம், ஆறாம் நாள் கூட்டிப் போங்கள்.

ஆபரேஷன் முடிந்து ஒரு நாள் கழித்து டாக்டர்களே திருக ஆரம்பித்தார்கள். எங்கள் கருவியில் ஒரு முழுச் சுற்று அரை மில்லிமீட்டர். காலை ஒன்று, இரவு ஒன்று, இரண்டு பக்கமும். நாளுக்கு 1 மில்லிமீட்டர். பச்சைக் குழந்தைகளுக்கு அதைவிட வேகமாகவும் திருகுவார்கள், உங்கள் டாக்டர் சொல்வதுதான் உங்கள் கணக்கு. அவசரப்பட்டால் நடுவில் எலும்பு சரியாக ஊறாது. விட்டுவிட்டால் பாதியிலேயே இறுகிவிடும். அதனால்தான் நேரம் தவறக் கூடாது என்கிறார்கள். ஆறாம் நாள் வாய் டியூபை எடுத்தார்கள்.

மொத்தம் 15 நாள், 15 மில்லிமீட்டர். கடைசி ஏழு நாள் நாங்கள். முதல் தடவை என் வீட்டுக்காரர்தான் திருகினார். லாரி ஓட்டுகிற கை, ஆனாலும் நடுங்கியது. சாவி என்பது ஒரு சின்ன ஸ்பேனர் மாதிரி, பிடியில் எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று அம்புக்குறி இருக்கும். கம்பியின் முனையில் மாட்டி, விரலை எடுக்காமல் ஒரே சுற்று. குழந்தை அழும் என்று நினைத்துக்கொண்டு நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் தூக்கத்தில் புருவத்தைச் சுருக்கினாள், அவ்வளவுதான். திருகுவதற்கு அரைமணி முன்னால் வலிக்கு சொட்டு மருந்து கொடுத்திருந்தோம். மூன்றாம் நாளிலிருந்து நான் திருகினேன். சாவியை எடுத்துவிட்டு மறுபடி மாட்டும்போது முன்னே போனோமா பின்னே வந்தோமா என்று குழம்பும். அதனால் கம்பியின் தலையில் மார்க்கரில் ஒரு புள்ளி வைத்துத் தரச் சொல்லுங்கள். புள்ளி சுற்றி வந்து அதே இடத்தில் நின்றால் ஒரு சுற்று முடிந்தது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, காலை வலது, காலை இடது, இரவு வலது, இரவு இடது என்று கோடு போட்டு, திருகிய அடுத்த நிமிடம் டிக் போடுங்கள். தூக்கம் கெட்ட வீட்டில் 'திருகினோமா இல்லையா' என்ற சந்தேகம் கட்டாயம் வரும். எங்களுக்கு ஒரு ராத்திரி வந்தது. நோட்டுதான் காப்பாற்றியது.

எட்டாவது நாள் ராத்திரி ஒன்று நடந்தது. அதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வார்டில் அவள் தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்தேன். இரண்டு மணி இருக்கும், திடுக்கிட்டு எழுந்தேன். சத்தம் இல்லை. ஒரு மாதமாக அந்தக் கர்ர் சத்தத்தோடே தூங்கிப் பழகிய காதுக்கு அது நின்றதும் உயிரே போய்விட்டது. ஓடிப்போய் மூக்குக்கு அடியில் விரலை வைத்தேன். காற்று வந்துகொண்டிருந்தது, வெதுவெதுப்பாக, சத்தமே இல்லாமல். மல்லாக்கப் படுத்திருந்தாள். மானிட்டரில் 98. நர்ஸ் எழுந்து வந்து "என்னம்மா" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திருகி முடித்த பிறகு கருவி உள்ளேயே ஏழு வாரம் இருந்தது, புது எலும்பு கெட்டியாக. கம்பி வெளியே வரும் இடத்தை டாக்டர் சொன்னபடி தினமும் துடைக்க வேண்டும். சிவந்தாலோ சீழ் வந்தாலோ அன்றைக்கே போய்விட வேண்டும். பிறகு இன்னொரு சின்ன ஆபரேஷனில் கருவியை எடுத்தார்கள். பால் டியூப் ஐந்தாவது மாதம்தான் போனது. தாடை நீண்ட மறுநாளே குழந்தை குடித்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அண்ணத்தில் பிளவு இருப்பதால் நெஞ்சில் உறிஞ்ச முடியாது. நாங்கள் அழுத்திக் கொடுக்கிற மெத்தென்ற பாட்டிலில் 5 மில்லி, 10 மில்லி என்று பழக்கினோம்.

முகம் கோணுமா என்றால், நிரந்தரமாகக் கோணவில்லை. தாடை ஓரத்தில் இரண்டு பக்கமும் அரை அங்குலத் தழும்பு இருக்கிறது, முடியை விட்டால் தெரியாது. பின்பல் ஒன்று வளராமல் போகலாம், முளைக்கவிருக்கும் பல்லின் மொட்டுக்குப் பக்கத்தில்தான் வெட்டுகிறார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அண்ணத்தை 12-வது மாதம் தைத்தார்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தயவுசெய்து ஒதுக்காதீர்கள். கண்ணையும் காதையும் சோதியுங்கள். பியர் ராபின் குழந்தைகளில் சிலருக்கு அதன் பின்னால், கண்ணையும் காதையும் பாதிக்கிற ஸ்டிக்லர் என்ற பரம்பரைக் கோளாறு இருக்கும். என் மகளுக்கு ஒன்றரை வயதில் மைனஸ் 7 கண்ணாடி. விழித்திரை பிரியும் ஆபத்து இருப்பதால் வருடம் தவறாமல் கண்ணைப் பார்க்கிறோம். மூச்சு சரியானதும் எல்லாம் முடிந்தது என்று நாங்கள் கண் பக்கம் ஒரு வருடம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

டியூப் குழந்தையின் தகப்பன்:

அக்கா எழுதியதில் அந்தக் கேமரா விஷயம் சத்தியம். என் மகனுக்கும் இதே தாடைதான். ஆனால் கேமராவில் பார்த்தபோது குரல்வளையும் தளர்ந்து உள்ளே மடிந்தது. தாடை நீட்டுவது இவனுக்கு இப்போது உதவாது என்று சொல்லித் தொண்டையில் டியூப் வைத்தார்கள். இரண்டு வருடம் இருந்தது. சக்ஷன் மெஷின், மாற்று டியூப், ராத்திரி முறை போட்டு விழிப்பு. கஷ்டம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஓட்டைதான் என் பிள்ளையை இன்றைக்கு எல்.கே.ஜி. போக வைத்திருக்கிறது. உங்களுக்கு டியூப்தான் வழி என்று வந்தால் இடிந்துபோகாதீர்கள். செலவுக்கு அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள், பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான மையம் அது. காப்பீட்டுக் கவுன்டரில் ஆபரேஷன், கருவி இரண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

தேனி அப்பா:

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கிரகணத்தைப் பற்றி வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொன்னாள். அவளிடமும் கேட்டிருக்கிறார்கள், எனக்கே தெரியாது.

நர்ஸ் அம்மா சொன்ன மூக்குக் குழாய் போட்டு ஐந்து நாள் பார்த்தார்கள். 88, 90-இல் நிற்கிறது. எடை 2.61. கேமராவில் பார்த்தாயிற்று, கீழே எல்லாம் நன்றாக இருக்கிறதாம், நாக்கு மட்டும்தான். வருகிற செவ்வாய்க்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். அம்மாவிடம் "ஆறாம் நாள் வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

பாப்பா அம்மா:

செவ்வாய் காலை எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள் தம்பி. முன்பக்கம் முடிச்சுப் போடுகிற சட்டை நாலைந்து தைத்து வைத்துக்கொள்ளுங்கள், தலை வழியாக மாட்டுகிற சட்டை கம்பியில் மாட்டும். கையுறையும் வேண்டும், பிள்ளை முகத்தைப் பிறாண்டும்போது கம்பியை இழுத்துவிடும்.

தேனி அப்பா:

ஒன்பதாம் நாள் அக்கா. டியூப் முந்தாநாள் எடுத்துவிட்டார்கள். சேச்சுரேஷன் 96. அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இன்று முதல் திருகு என் மனைவிதான், நான் நோட்டில் டிக் போட்டேன். ஒரே ஒரு பயம். அழும்போது கீழுதடு இடது பக்கம் இறங்கவில்லை, ஒரு பக்கமாகக் கோணுகிறது. சும்மா இருக்கும்போது தெரியவில்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் மாலையில்தான்.

பாப்பா அம்மா:

என் மகளுக்கும் அப்படித்தான் இருந்தது, வலது பக்கம். தாடை ஓரமாக உதட்டுக்குப் போகிற நரம்பு ஒன்று வெட்டுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. அது இழுபட்டாலோ வீங்கினாலோ இப்படி ஆகும். எங்களுக்குச் சரியாக மூன்று மாதம் பிடித்தது. பெரும்பாலும் திரும்பிவிடும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். ஆனாலும் மாலையில் டாக்டர் வரும்போது பிள்ளை அழாமல் இருந்தால் அவர் கண்ணில் படாது. இப்போதே அழும்போது போனில் ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோட்டிலும் இன்றைய தேதிக்கு நேராக எழுதுங்கள். ராத்திரித் திருகு எட்டு மணிக்குத்தானே?